எட்டுத் துளை ஃபிளாஞ்சு

மார்ச் 4
கார் விளக்குக் கிண்ணங்கள் ஏழுக்கு அலுமினியம் பூச வேண்டும். மூன்றோடு நின்றது. வெற்றிடப் பெட்டியின் வால்வைத் திருகும்போது என் மனைவிக்கு வலது மணிக்கட்டு பிசகிவிட்டது. பத்தொன்பது வருடமாக இப்படித்தான்: பம்ப் காற்றை உறிஞ்ச, அழுத்தமானியின் முள் இறங்குவதைப் பார்த்து நான் சொல்வேன், அவள் வால்வை மூடுவாள்.
"இனிமே திருக முடியாதுங்க. வேற ஆள் வச்சுக்கோங்க."
வேறு ஆளாவது!

மார்ச் 6
பழைய இரும்புக் கடையில் கைப்பிடி வைத்த வால்வு ஒன்று கிடைத்தது. திருக வேண்டாம், ஒரு தட்டில் மூடும். ஆனால் குழாயோடு சேரும் விளிம்பில், அதாவது ஃபிளாஞ்சில், எட்டுத் துளை. என் குழாயில் ஆறு. ஆறை அறுத்தெறிந்துவிட்டு எட்டைப் பற்றவைக்க வேண்டும்.
"நடுவுல ஒரு இணைப்புத் துண்டு போடுங்களேன்" என்றார் கடைக்காரர்.
இன்னொரு மூட்டு, இன்னொரு கசிவு. மாட்டேன்.

மார்ச் 9
நான்கு கடை. எட்டுத் துளை எங்கும் இல்லை. கடைசிக் கடையிலிருந்த பொறியாளர், "பெரியவரே, என்ன படிச்சிருக்கீங்க?" என்றார்.
"உங்க விலைப்பட்டியல்ல இருக்கற தப்பைப் படிச்சிருக்கேன்."
சான்றிதழ் இல்லாதவன் என்றால் எல்லோருக்கும் இளக்காரம்.

மார்ச் 10
இல்லை.

மார்ச் 13
எட்டுத் துளை கிடைத்தது. துளை வட்டம் இரண்டு மில்லிமீட்டர் பெரிது. திருப்பிக் கொடுத்தேன்.
"பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கற மாதிரி பாக்கறீங்களே!" என்றார் கடைக்காரர்.
"மாப்பிள்ளை கொஞ்சம் கசிஞ்சாலும் குடும்பம் ஓடும். இது ஓடாது."

மார்ச் 17
அதே கடையில், பெயின்ட் டப்பாக்களுக்கு அடியில். போல்ட்டுகள் எட்டும் வழுக்கிக்கொண்டு இறங்கின.

மார்ச் 19
பற்றவைத்து மாட்டியாயிற்று. கசிவில்லை. அவளுக்குச் சிரமம் வேண்டாமென்று கைப்பிடியை என் பக்கம் வைத்தேன். கூப்பிட்டுக் காட்டினேன்.
"இனிமே நீ ஒண்ணும் செய்ய வேணாம். எல்லாம் எனக்கே எட்டுது."
"நல்லதாப் போச்சு" என்று உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 20
பட்டறைப் பக்கமே வரவில்லை. என்ன கோபம்? இவள் கைக்காகத்தானே கடை கடையாக ஏறி இறங்கினேன்? கேட்டே விட்டேன்.
"என்னைக் கழட்டிட்டு இரும்பை மாட்டிட்டீங்க."
பட்டறைக்குப் போய் ஸ்பேனரைத் தேடினேன்.

மார்ச் 21
எட்டு போல்ட்டையும் கழற்றினேன். வால்வை நான்கு துளை தள்ளித் திருப்பி, புது ரப்பர் வளையம் வைத்து மறுபடி முடுக்கினேன். கைப்பிடி இப்போது அவள் நாற்காலிப் பக்கம். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. சாப்பிடும்போது, "இடது கைக்கு எட்டுதான்னு வந்து பாரு" என்றேன்.
"பாக்கலாம்."

மார்ச் 23
மீதி நான்கும் முடிந்தன. கடைசிக் கிண்ணத்தில், முள் இறங்கும் முன்பே வால்வை மூடிவிட்டாள். கத்தினேன்.
"பம்ப் சத்தம் மாறிடுச்சு. உங்க முள்ளுதான் தூங்குது. தட்டிப் பாருங்க."
தட்டினேன். முள் இறங்கியது.