மருந்து கலக்காத தொட்டி

மார்ச் 4
இன்றும் கெண்டைகளின் வாலடியில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தேன். ஒரு தொட்டியில் துளி பூச்சிமருந்து, இன்னொன்றில் வெறும் தண்ணீர் — ஆய்வுப் படிப்பென்று மாதக்கணக்கில் இதே பிழைப்பு. குழாய்த் தண்ணீரில் குளோரின் என்பதால் இரண்டுக்கும் அண்ணன் வயல் கிணற்றுத் தண்ணீர்தான். தூக்கித் தூக்கித் தோள் இறங்கிவிட்டது.

மார்ச் 5
அலுப்பு. வேறொன்றுமில்லை.

மார்ச் 11
மருந்துத் தொட்டி மீன்களுக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறி, புரதம் இறங்கியிருக்கிறது. எதிர்பார்த்ததுதான். ஆனால் வெறும் தண்ணீரில் கிடப்பவற்றுக்கும் அதே கதை. எப்படி?

பேராசிரியை என் கையைத்தான் சந்தேகப்பட்டார். "தொட்டி மாத்தி எடுத்துட்டியாம்மா?"

இல்லை. இல்லவே இல்லை.

மார்ச் 19
திரும்ப எடுத்தேன். அதேதான். கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பியாயிற்று. தொடங்கும்போது பார்த்தோம், சுத்தமாக இருந்தது. அதற்குப் பிறகு யார் பார்த்தோம்?

மார்ச் 28
தண்ணீரில் பூச்சிமருந்து. அண்ணன் கத்தரிக்கு அடிக்கும் அதே மருந்து. கிணற்றடியில்தான் கலக்குவான், அங்கேயே தெளிப்பானைக் கழுவுவான்.

"மொதல்லேர்ந்துதான் செய்யணும்," என்றார் பேராசிரியை. அது கிடக்கட்டும். அந்தத் தண்ணியத்தானே அவங்க குடிக்கிறாங்க! அண்ணி, பசங்க —

மார்ச் 29
சொல்லிவிட்டேன். அண்ணன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினான்.

"நாலு மீன் செத்ததுக்கு என் கிணத்து மேல பழியா?"

"சாகலண்ணா. அதான் பயமா இருக்கு. நல்லாத்தான் நீந்துது, திங்குது. ரத்தம்தான் மாறிப்போச்சு."

"படிச்ச திமிரு," என்று எழுந்துபோனான்.

அண்ணி எனக்கு வைத்திருந்த தண்ணீர் டம்ளரை எடுத்துப்போய் வாசலில் கொட்டினாள்.

ஏப்ரல் 2
அண்ணனிடமிருந்து போன் இல்லை. தொட்டிகளைக் காலிசெய்து தேய்த்தேன். முதுகு விட்டுப்போச்சு. இத்தனை மாத உழைப்பும் சாக்கடையில்.

ஏப்ரல் 9
ஆய்வக வாசலில் அண்ணன். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றான்.

"எனக்கும் எடுத்துப் பாரு."

"இங்க மீனுக்கு மட்டும்தாண்ணா."

"நான் மட்டும் என்னவாம்? அந்தத் தண்ணியில வளர்ந்த கெண்டைதானே." அவனே சிரித்துக்கொண்டான். என்னால் முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பெஞ்சில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். இப்போதெல்லாம் உட்கார்ந்தாலே தூக்கம்தானாம். அண்ணி இதை என்னிடம் முன்பே ஏன் சொல்லவில்லை? நான் ஏன் கேட்கவில்லை?

அவன் கையில் ஊசி ஏறியபோது பார்க்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். "முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டது அவனில்லை, நான்.

"எங்க முடிஞ்சுது," என்றான், பஞ்சை அழுத்திப் பிடித்தபடி. "நாளைக்குப் பசங்கள கூட்டிட்டு வரணும். நீயும் வா."