தலையில் தேய்த்த ஊசி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். ஊசியில் நூல் கோக்கும்போது உங்கள் கண் இன்னும் தகராறு பண்ணுகிறதா?

பயப்படாமல் படியுங்கள், எல்லாம் சரியாகிவிட்டது. பாசியின் ஒற்றைச் செல்லுக்குள் கண்ணாடி ஊசியை இறக்கி, அதன் சவ்வு வழியாக உப்பின் அயனிகள் போய்வருவதை மின்சாரமாக அளப்பதுதானே என் வேலை? மூன்று வாரமாக நான் குத்திய செல்லெல்லாம் செத்துப்போயின. பேராசிரியர் வேறு ஆள் தேடத் தொடங்கிவிட்டார்.

நேற்று ஆய்வகத்து உதவியாளர் அக்கா என் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "ஏம்மா, ஊசியைத் தலையில தேய்ச்சுட்டா குத்துறே?" என்று கத்திவிட்டார். தலை எண்ணெய் பட்டால் ஊசி லேசாக இறங்கும் என்று தேய்க்கும் நம் தையல்கடைப் பழக்கம்! முடியைவிட மெல்லிய முனை உடைந்து, ஊசிக்குள் இருந்த உப்புநீர் செல்லுக்குள் கொட்டியிருக்கிறது. அடுத்த ஊசியைத் தேய்க்காமல் இறக்கினேன். சாயங்காலம் வரை செல் உயிரோடு இருந்தது. பேராசிரியர் சிரித்தபடி, "நீயே செய்ம்மா" என்றார். அப்பாடா!

என் ஆய்வகக் கோட்டில் ஒரு பித்தான் அறுந்துவிட்டது. நம் கடை ஊசி ஒன்று அனுப்புங்கள், இங்கேயும் கிடைக்கும், இருந்தாலும் அனுப்புங்கள். தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார், முடிக்கிறேன்.

உங்களுக்கு வழுக்கை விழுந்ததிலிருந்து என் தலையில்தானே ஊசியைத் தேய்ப்பீர்கள். இப்போது யார் தலையில் தேய்க்கிறீர்கள், அப்பா?

உங்கள் மகள்