ஐம்பத்தாறு பொய் எண்கள்

மல்காஜ்கிரி,
மார்ச் 29, ஞாயிறு

கர்த்தருக்குள் பிரியமான எவாவுக்கு,

உன் தியோடர் எழுதுவது. இங்கே நான் நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். முக்கால்வாசி நலம் என்று எழுதுவதே சரி. மீதிக் கால்வாசியை இந்தக் கடிதத்தில் சொல்கிறேன். போனில் சொன்னால் பக்கத்தில் நம் மகள் கரோலினும் கேட்பாள். எட்டாம் மாதத்தில் அவளுக்கு இந்தக் கவலை வேண்டாம். மாடி வீட்டு நாராயணஸ்வாமி புதன்கிழமை மெல்போர்னுக்குத் தன் மகனிடம் போகிறார். பருப்புப்பொடியும் கொடுத்துவிடலாம் என்று பார்த்தேன். அங்கே விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்களாம். அதனால் கடிதம் மட்டும்தான்.

நீ போன பிறகு வீடு அப்படியொன்றும் கெட்டுப்போகவில்லை. ராத்திரி இரண்டு சப்பாத்தி, காய். மாத்திரை ஒரு வேளைகூடத் தவறவில்லை. பிளஸ்ஸன் கல்யாண விருந்தில் நெய் சொட்டும் டபுள் கா மீட்டா இனிப்பை என் தட்டிலேயே வைத்துவிட்டார்கள். உன் தம்பி மகனின் கல்யாணம், இன்றைக்கு ஒரு நாள் சாப்பிடுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். நக்கோ, வேண்டவே வேண்டாம் என்று தட்டைத் தள்ளிவிட்டேன். இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. அடுத்த பாராவைப் படித்ததும் நீ என் வாயைத்தான் முதலில் சந்தேகப்படுவாய்.

ஜனவரியில் எங்கள் மருந்து ஆலைத் தலைவர் ஸ்ரீனிவாஸ் என்னை அறைக்குக் கூப்பிட்டார். என் ஆய்வகத்தில் ஏழு பேர் அதிகம், நாலு பேர் போதும், வெளியே அனுப்ப வேண்டிய மூன்று பெயரை நானே எழுதித் தர வேண்டும் என்றார். ஏழு பேரையும் வேலைக்கு எடுத்தவன் நான். அவர்களில் நந்தகுமாருக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்த வெள்ளைத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் ஜீடிமெட்லா ஆலைக்கும் வீட்டுக்கும் போய்வந்தேன். தூக்கம் போயிற்று. காலை நடையும் நின்றது. வெறும் வயிற்றுச் சர்க்கரை இருநூற்று நாற்பத்தெட்டைக் காட்டிய அன்று, டைரியில் நூற்று இருபத்தெட்டு என்று எழுதினேன்.

அப்புறம் அது பழகிவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்ததும் டைரிப் பக்கத்தை உனக்குப் படம் எடுத்து அனுப்பினேனே, அந்த எட்டு வாரத்து எண்களும் பொய். எண்ணிப் பார்த்தேன், ஐம்பத்தாறு. இப்படிக் கற்பனையில் எண் எழுதிய ஒருவனை ஆய்வகத்திலிருந்து ஒரே நாளில் அனுப்பியவன் நான். வெட்கமாக இருக்கிறது, எவா.

பதினாறாம் தேதி காலை, கம்பெனி பஸ்ஸில் இடது கண்ணுக்குள் கறுப்பு நூல் நூலாக மிதந்தது. மூக்குக் கண்ணாடியில் அழுக்கு என்று நினைத்து மூன்று தடவை துடைத்தேன். போகவில்லை. கண் டாக்டர் பார்த்துவிட்டு, விழித்திரையில் ஒரு சின்ன ரத்தக்குழாய் கசிந்திருக்கிறது, இப்போதே கவனித்தால் பார்வையைக் காப்பாற்றலாம், விட்டால் சொல்ல முடியாது என்றார்.

அங்கிருந்து நம் சர்க்கரை டாக்டர் வசந்தகுமாரியிடம் போனேன். என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். எப்படித் தூங்குகிறேன் என்று கேட்டார். பிறகு ஆபீஸில் என்ன நடக்கிறது என்று கேட்டார். தாளை எடுத்துக் காட்டினேன். மனம் பயந்துகொண்டே இருந்தால் உடம்பும் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டிக்கொண்டே இருக்கும், ரத்த அழுத்தமும் ஏறும், மாத்திரை எவ்வளவுதான் தாங்கும் என்றார். கண்ணைக் கெடுத்தது அது மட்டும்தான் என்று அவர் சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பே லேசான சேதம் இருந்ததே. ஆனால் இந்தப் பயத்துக்கும் அதில் பங்கு இருக்கும் என்றார்.

மறுநாள் ஸ்ரீனிவாஸிடம் போய்ப் பெயர் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வேறொன்று எழுதிக் கொடுத்தேன். நாலு பேரை வைத்துக்கொண்டு ஒரு மாதத்தில் எத்தனை மருந்தைச் சோதிக்க முடியும், எத்தனை சோதிக்காமல் நிற்கும் என்று. அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. என் பெயரை எழுதிக்கொண்டாலும் எழுதிக்கொள்ளட்டும், வேறு வேலை பார்த்துக்கொள்கிறேன். அன்றைக்கு ஆறு மணி நேரம் தூங்கினேன். இந்த வாரம் முழுக்க நூற்றைம்பதைத் தாண்டவில்லை. டாக்டர் இன்சுலினும் ஆரம்பித்திருக்கிறார், அதனால் முழுப் பெருமையையும் நானே எடுத்துக்கொள்ள முடியாது.

டைரிப் பக்கங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் தப்பை அழிக்கக் கூடாது. பழைய எண் தெரியும்படி குறுக்கே ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியான எண், கையெழுத்து, தேதி. மீட்டரின் நினைவில் நிஜ எண்கள் இருந்தன. அப்படியே ஐம்பத்தாறையும் திருத்தியிருக்கிறேன்.

டிக்கெட்டை மாற்றாதே. கரோலினுக்கு இப்போது நீதான் வேண்டும். ஏப்ரல் ஏழாம் தேதி காலை பத்து மணிக்குக் கண்ணில் ஊசி போட வரச் சொல்லியிருக்கிறார்கள். பிளஸ்ஸன் லீவு போட்டுக் கூட வருகிறான். ஊசிக்கு முன்னால் சொட்டு மருந்து விட்டு ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்கார வைப்பார்களாம். உனக்கு அங்கே மத்தியானம் இரண்டரை. அப்போது போன் செய். வீடியோ வேண்டாம், சும்மா பேசு. திட்டுவதையும் அன்றைக்கே திட்டு. ஸ்ரீனிவாஸிடம் பயமில்லை, வேலை போனாலும் பயமில்லை. கண்ணுக்கு மட்டும் பயமாக இருக்கிறது. பேரப்பிள்ளையை நன்றாகப் பார்க்க வேண்டும்.

உன்னையும் மகளையும், வயிற்றில் இருக்கும் அந்தச் சின்ன உயிரையும் கர்த்தர் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக.

உன் போனுக்குக் காத்திருக்கும்,
தியோடர்