நாலு விரல் அகலம்

எல்ம்கோட் கிராமம், வில்ட்ஷயர்
8 அக்டோபர் 1846

அன்புள்ள ஹெஸ்டருக்கு,

நான் சுகம்தான். உன் இருமல் விட்டதா? அத்தையை விசாரித்ததாகச் சொல்.

இந்தப் பட்டறையில் நான் செய்த முதல் வண்டி ஊரையே சிரிக்க வைத்துவிட்டது. பழக்கதோஷத்தில் நம் ஊர்ப் பாதையின் கணக்குக்கே அச்சை அறுத்துவிட்டேன். இங்கே பாதையில் பதிந்த சக்கரத் தடங்கள் நம் ஊரைவிட நாலு விரல் நெருக்கம். ஒரு சக்கரம் தடத்தில் இறங்க, மற்றது மேட்டில் ஏற, ஏற்றியிருந்த டர்னிப் கிழங்கெல்லாம் சேற்றில் உருண்டது.

"ஏம்ப்பா ஜேபஸ், வண்டி உன் பொண்டாட்டி ஊருக்குத்தான் போவேன்னு அடம்பிடிக்குதே" என்றான் கொல்லன் அமோஸ்.

முதலாளி சிரிக்கவில்லை. "சனிக்கிழமைக்குள்ள தடத்துல ஓடணும். இல்லேன்னா மூட்டையக் கட்டு" என்றார்.

கட்ட மாட்டேன். புது அச்சைச் செதுக்கி முடித்துவிட்டேன். நாளைக் காலையில் மாட்டி, அதே பாதையில் நானே ஓட்டிக் காட்டப் போகிறேன்.

தபால்காரர் அவசரப்படுத்துகிறார். கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்பு. கூடவே, நம் வாசல் பாதையில் இரண்டு தடங்களுக்கும் குறுக்கே நூல் பிடித்து, அந்த அளவுக்கு வெட்டி அனுப்பு. வேலைக்கு அல்ல. என் கை அந்த அளவை இனி மறந்தே ஆக வேண்டும். சட்டைப்பையிலாவது இருக்கட்டும்.

உன்
ஜேபஸ்