கம்பி நார் பட்ட ரோஜாக்கள்

மார்ச் 4, செவ்வாய்

மருமகள் இன்றைக்கும் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு பை நிறையப் பீங்கான் கொண்டுவந்தாள். பிடி போன கப்பு, ஜோடி இல்லாத சாசர், நடுவில் ரோஜாக் கொத்து போட்ட பெரிய தட்டு ஒன்று.

"ஏம்மா, யார் வீட்டுல சண்டை? மிஞ்சினதையெல்லாம் பொறுக்கிட்டு வந்துட்டியா?"

"நீங்களும் பழசுதானே மாமா. உங்களை நாங்க வெச்சுக்கலையா?"

வாய்க்கு வாய். எனக்கு இதுதான் வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

விஷயம் விளையாட்டில்லை. பெட்ஷீட்டுக்குப் பூ வரைவதுதான் அவள் வேலை. சேர்ந்ததிலிருந்து வரைந்த எதுவும் முதலாளியம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "எல்லாம் கம்ப்யூட்டர் பூவா இருக்கு" என்றார்களாம். வரும் செவ்வாய் காட்டுவதுதான் கடைசி. அதுவும் சரியில்லை என்றால் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள்.

அதனால்தான் அந்தத் தட்டு. "இதுல ஆளோட கை தெரியுது மாமா. பாருங்க, சிவப்பு கோட்டைத் தாண்டிப் போயிருக்கு."

"எங்க பஸ் டிப்போவுல கோட்டைத் தாண்டி நிறுத்தினா அபராதம் போடுவாங்க" என்றேன்.

போட்டோ எடுத்தால் பளபளப்புதான் விழுகிறதாம். சனி, ஞாயிறு நேரில் வைத்து வரையப் போகிறாள்.

மார்ச் 7, வெள்ளி

போச்சு. எல்லாம் போச்சு.

அவள் வேலைக்குப் போனதும் தட்டைப் பார்த்தேன். கீறல் கீறலாக டீக்கறை. டிப்போவில் பஸ் கழுவியே காலத்தை ஓட்டினவன் நான், அழுக்கைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? சாயங்காலம் அவள் வரும்போது பளிச்சென்று இருக்கட்டும் என்று கம்பி நாரை எடுத்தேன். சோப்புத்தூளைக் கொட்டினேன். ஒரு பிடி பிடித்தேன்.

நுரை சிவப்பா வந்துச்சு. அப்பவே நிறுத்தியிருக்கணும். அழுக்குன்னு நெனச்சுட்டேனே! கழுவிப் பாத்தா வெள்ளைத் தட்டு. ஒரு இதழ்கூட இல்ல. சாயம் மேலாக ஒட்டிக்கிட்டிருந்தது எனக்கெப்படித் தெரியும்?

சூப்பர்வைசர் (என் வீட்டுக்காரிதான்) எட்டிப் பார்த்தாள். "பஸ்ஸுன்னு நெனச்சீங்களா? அடுத்து என் தலையையும் இப்படித்தான் தேய்ப்பீங்களா?"

மருமகளின் சிவப்பு நெயில் பாலிஷைத் தூக்கிக்கொண்டு வந்து தட்டின் ஓரத்தில் ஒரு ரோஜா வரைந்தேன். முட்டைக்கோஸ் வந்தது.

மார்ச் 8, சனி

நேற்று சாயங்காலம் மருமகள் வந்து பார்த்தாள். "மாமா... என்ன இது?"

"பூன்னா உதிரத்தானேம்மா செய்யும்" என்றேன். முன்கூட்டியே யோசித்து வைத்திருந்த கிண்டல். அவள் சிரிக்கவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திட்டியிருந்தால் தேவலை. இன்றைக்கு முழுக்க யாரையும் கிண்டல் செய்ய வாய் வரவில்லை. சூப்பர்வைசர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், காய்ச்சலோ என்று.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் மருமகள் தட்டைக் குப்பையில் போட எடுத்துக்கொண்டு போனாள். நான் பேப்பரில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். ஜன்னலோரம் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"மாமா, இங்க வாங்க. சீக்கிரம்!"

தட்டைச் சாய்த்துப் பிடித்திருந்தாள். வெளிச்சம் பட்டதும் எங்கும் மினுமினுப்பு. ரோஜா இருந்த இடத்தில் மட்டும் மினுமினுப்பு இல்லை. இதழ், இலை, முள் எல்லாம் மங்கலாக அப்படியே நிற்கிறது. வெள்ளைக்குள் வெள்ளையாக.

"பூ போயும் தடம் போகலை மாமா!"

அங்கேயே உட்கார்ந்து வெள்ளைத் தாளில் வெள்ளைப் பெயிண்டாலேயே வரைய ஆரம்பித்தாள். தட்டைப் பிடிக்கிற வேலை எனக்கு. கொஞ்சம் அசைந்தால் அதட்டல். "பஸ்ஸுகூட இவ்ளோ நேரம் ஒரே இடத்துல நின்னதில்லம்மா" என்றேன். சிரித்துவிட்டாள். கை கழன்று விழுந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.

மார்ச் 11, செவ்வாய்

வரைந்ததைக் காட்டப் போயிருக்கிறாள். சூப்பர்வைசர் நூறு தடவை வாசலைப் பார்த்துவிட்டாள். நான் தொண்ணூற்றொன்பதுதான்.

அதே நாள், விளக்கு போட்ட பிறகு

எடுத்துக்கிட்டாங்க! முதலாளியம்மா தாளைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாராம். எப்படித் தோன்றியது என்று கேட்டதற்கு, "வீட்டுல ஒருத்தர் இருக்கார், எதையும் விட்டுவைக்க மாட்டார்" என்று சொல்லியிருக்கிறாள். வேலை நிரந்தரமாம்.

அப்பாடா. நெஞ்சை அடைத்துக்கொண்டு நின்ற பஸ் கிளம்பிப் போனது.

ஏப்ரல் 26, சனி

முதல் பெட்ஷீட் வந்தது. என் கட்டிலில்தான் விரித்தாள். வெள்ளையில் வெள்ளை ரோஜாக்கள், குனிந்து பார்த்தால்தான் தெரிகின்றன. தலைமாட்டு மூலையில் மட்டும் சிவப்பாக ஒன்று.

சூப்பர்வைசர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தாள். "ஐயையோ, புதுத் துணியில கறை! குடுங்க, கசக்கிப் போடறேன்."

"கை வெக்காதே! அது பூ!" என்று கத்திவிட்டேன்.

"இதுவா? முட்டைக்கோஸ் மாதிரி இருக்கு."

மருமகள் தலையணையை எடுத்துக் கால்மாட்டில் போட்டாள். இனி இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க வேண்டுமாம். பூ மறையக் கூடாதாம்.