நான் கோவித்துக்கொண்டு போகவில்லை

முருகன் துணை

தாண்டிக்குடி,
மாசி மாதம், 1962

என் செல்ல மகள் லீலாவுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. மலையில் நான் பரம சௌக்கியம், பழனியில் உன் அப்பா ஒரு மாதிரி சௌக்கியம், காரணம் கீழே வருகிறது. நீயும் மாப்பிள்ளையும் பிலாயில் உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முதலில் நீ அழுகையை நிறுத்து. அப்பாவுக்கு நீ போட்ட கடிதத்தை அவரே இங்கே கொண்டுவந்து கொடுத்தார், மை எல்லாம் கரைந்து கிடந்தது. அம்மாவை என்ன சொன்னீர்கள், நான் லீவு போட்டு வந்து சமாதானம் செய்யட்டுமா என்று கேட்டிருக்கிறாய். எல்லாம் உன் சித்தி சண்முகசுந்தரி எழுதிய கார்டினால் வந்தது, அவளுக்கு ஒரு கார்டும் பேனாவும் கிடைத்தால் போதாதா. அடி பெண்ணே, நான் கோவித்துக்கொண்டு வரவில்லை, படம் போட வந்தேன்.

நம் வீட்டுச் சங்கதி உனக்குத் தெரியாததா, யாத்திரைக்காரர்களுக்கு இடம் கொடுக்கும் வீட்டில் வாக்கப்பட்ட நாளிலிருந்து நான் இருக்கும் அறையில் இன்னொருவர் இல்லாத பொழுதே கிடையாது. நீ கல்யாணமாகிப் போகும்போது அலமாரியில் விட்டுப்போன வர்ணப் பெட்டியை எடுத்துப் போன வருஷம் ஒரு மத்தியானம் கரும்புக்கட்டு ஒன்று வரைந்தேன், பச்சை காய்வதற்குள் வெந்நீர் கேட்டு மூன்று பேர் கூப்பிட்டுவிட்டார்கள். அன்றைக்கே மனசில் முடிவு செய்துவிட்டேன். இந்தத் தைப்பூசக் கூட்டம் கலைந்ததும், நம் ஆரஞ்சுத் தோட்டத்து வீட்டுக்குப் போகிறேன், தனியாகப் போகிறேன், சிவராத்திரிக்கு வருவேன் என்றேன். உன் அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், போயேன், யாரு வேணாங்குறா என்றார். மறுநாள் வெள்ளனே பெட்டியோடு வத்தலக்குண்டு பஸ் ஏறிவிட்டேன். புருஷன் இல்லாமல் ஒருத்தி பெட்டியோடு பஸ் ஏறினால் நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

லீலா, வந்து சேர்ந்த அன்று ஒரு வேளை பொங்கி இரண்டு வேளை சாப்பிட்டேன், கேட்க ஆளில்லை. கொடைக்கானல் போய்வரும் ஜீப் டிரைவர் பவுல்ராஜிடம் சொல்லி நல்ல கனமான டிராயிங் பேப்பர் வாங்கினேன். முதலில் போட்டதெல்லாம் குப்பை, வானத்து நீலம் வழிந்து மரத்துக்குள் போய்விட்டது. இங்கே காலை முழுக்க மேகம் வாசல்வரை வந்து நிற்பதால் காகிதம் காய்வதே இல்லை, அடுப்புக்கு மேலே பிடித்துப் பிடித்துக் காயவைக்கக் கற்றுக்கொண்டேன். நாலாவது மரம் மரமாகவே வந்தது. அன்றைக்குத் தொண்டை கிழியப் பாடினேன், எனக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பது எனக்கே தெரியாது.

அப்புறம் ஆரம்பித்தது பார் திருவிழா. முதலில் என் அண்ணன், உன் அழகுமலை மாமா, ஜீப்பிலிருந்து இறங்கும்போதே ஏ தங்கச்சி, மச்சான் கைய நீட்டிட்டாரா சொல்லு, இப்பவே போய்க் கேக்கேன் என்று குதித்தார். படத்தைக் காட்டினேன். கோவத்த மறைக்கத்தான இப்படிப் பொம்ம போடுற என்று கண்கலங்கி, ஒரு சாக்கு ஆரஞ்சோடு போய்ச் சேர்ந்தார். அடுத்து சித்தப்பாவும் சித்தியும் வந்தார்கள். சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, யக்கா, வெள்ளிக்கிழமை நம்ம கோமதியப் பொண்ணு பாக்க ஒட்டன்சத்திரத்துலருந்து வாராக, பெரிய மருமக கோவிச்சுக்கிட்டுப் போன வீடுன்னு தெரிஞ்சா காப்பிகூடக் குடிக்கமாட்டாகளே என்று அழுதாள். அவளை எத்தனை திட்டினாலும் பெற்ற வயிறு அல்லவா, எனக்கும் சுருக்கென்று ஆகிவிட்டது. கோமதிக்கு முன்பே ஒரு இடம் தட்டிப்போனது உனக்குத் தெரியும். அவர்கள் போனபின் பிரஷ்ஷைக் கழுவிப் பெட்டியை மூடிவிட்டேன். மூடும்போது அழுகையாக வந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன்.

மறுநாள் உன் அப்பாவே வந்துவிட்டார், கையில் மல்லிகைப்பூ, உன் கடிதம், அரைக்கிலோ அல்வா. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார். பூசத்தன்னைக்கு அத்தன பேர் முன்னால ரசத்துல உப்பு இல்லேன்னது தப்புத்தான் என்றார். சரி என்றேன். அந்தப் பெரிய அண்டாவ ஈயம் பூசக் குடுத்தேன்னு சொன்னது பொய்யி, எந்தங்கச்சி கேட்டான்னு தூக்கிக் குடுத்துட்டேன், அதத் தெரிஞ்சுக்கிட்டுத்தான வந்துட்ட என்றார். எனக்கு எப்படித் தெரியும்! ஈயம் பூசுகிற குருநாதனையல்லவா ஒரு வருஷமாகத் தெருவில் நிறுத்தித் திட்டிக்கொண்டிருந்தேன். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அடக்கிக்கொண்டேன். கோபமே இல்லை, ஆனால் அண்டாவுக்குத் தண்டனை உண்டு, அசையாமல் இந்த ஸ்டூலில் உட்காருங்கள் என்று மறுபடி பெட்டியைத் திறந்தேன். மனுஷர் ஒரு இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, அன்று உச்சிவரை உட்கார்ந்தார். மீசையில் நரைத்த முடியைக்கூட ஒவ்வொன்றாகப் போட்டேன். பார்த்துவிட்டு, எம்மூக்கு இம்புட்டுப் பெருசா விசாலம் என்றார், ஆனால் படத்தைக் கையிலிருந்து கீழே வைக்கவே இல்லை. கிளம்பும்போது நானும் பெட்டியைத் தூக்கினேன். வேணாம், நீ சோலியப் பாரு, ஊருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன் என்று படத்தைச் சுருட்டி வேட்டிக்குள் ஈரம் படாமல் வைத்துக்கொண்டு போனார்.

நேற்றுப் பவுல்ராஜ் சேதி கொண்டுவந்தான். அப்பா அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டாராம். வெள்ளிக்கிழமை வந்த சம்பந்தியம்மாள் நேராகவே, பெரியவுக கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாகளாமே என்று கேட்டாளாம். உன் அப்பா சுவரைக் காட்டி, எம்பொஞ்சாதி போட்டது, இன்னும் போடுறதுக்கு மலையில இருக்கா என்றாராம். அந்த அம்மாள் கிட்டத்தில் போய் மீசையை வெகுநேரம் பார்த்துவிட்டு, கோவத்துல இருக்கவ இம்புட்டுப் பொறுமையா படம் எழுதமாட்டா என்று சொல்லிக் காப்பியைக் கையில் எடுத்தாளாம். கோமதிக்கு நிச்சயம் சித்திரையில். எப்படி இருக்கிறது உன் அம்மா கைவரிசை!

நீ லீவெல்லாம் போடவேண்டாம். நீயும் வாரத்தில் ஒரு பொழுதாவது கதவைச் சாத்திக்கொண்டு உனக்குப் பிடித்ததைச் செய், மாப்பிள்ளை ஒன்றும் சொல்லமாட்டார், சொன்னால் எனக்கு எழுது. இத்துடன் ஆரஞ்சு மரம் ஒன்று வைத்திருக்கிறேன், அந்த நாலாவது மரம். பெட்டியில் நீலமும் மஞ்சளும் தீர்ந்துவிட்டன, மறக்காமல் வாங்கி அனுப்பு, அடுத்த வருஷமும் வருவேன். தீர்க்க சுமங்கலியாக, பிள்ளை குட்டிகளோடு, ஒரு குறையும் இல்லாமல் வாழ்வாய்.

இனி யாராவது அம்மா கோவித்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள் என்று எழுதினால் நம்பாதே. எனக்கு நிஜமாகக் கோபம் வந்தால் நான் எங்கும் போகமாட்டேன், வீட்டிலேயேதான் இருப்பேன். அது உன் அப்பாவுக்கு நன்றாகத் தெரியும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
விசாலாட்சி