தூணில் கட்டிய மாடு

ஐப்பசி, செவ்வாய் இரவு

நிலம் நகர்வதை அளக்க நாங்கள் மலைமேல் தேவனூர் நாடு எனும் ஊர்த்தொகுதியில் நட்ட ஜி.பி.எஸ். தூண் சில மாதங்களாக மேற்கே நகர்வதாகக் காட்டியது. இன்று போய்ப் பார்த்தால், தூண் நிற்கும் மரவள்ளிக் காட்டுக்குச் சொந்தக்காரரான பாப்பாத்தியக்கா அதில் மாட்டைக் கட்டியிருந்தார். சத்தம் போட்டேன். உள்ளுக்குள் நிம்மதிதான். மாடு இழுத்த கோளாறு என்று ஆபீசுக்குச் சொல்லிவிட்டேன்.

மதியம், பள்ளத்துக்கு மேற்கே, அந்தப் பக்கம் கோயில் சோலையில் இருக்கும் இரண்டாவது தூணின் பதிவை எடுத்தேன். அங்கே செருப்போடுகூட யாரும் நுழைய மாட்டார்கள். அதுவும் நகர்ந்திருக்கிறது, முதல் தூணை நோக்கி. நடுவிலிருக்கும் பாறைப் பிளவு மட்டும் நழுவாமல் அத்தனை அழுத்தத்தையும் உள்ளே வாங்கிக்கொண்டிருக்கிறது. எதுவரை தாங்கும், எப்போது நழுவி நிலநடுக்கமாகும் என்று எங்கள் கணக்கு சொல்லாது.

மறுபடி போன் போட்டேன். "அங்கயும் எவனாவது மாடு கட்டியிருப்பான், விடுய்யா" என்று அதிகாரி சிரித்தார்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது பாப்பாத்தியக்கா ஓடி வந்தார். "மாட்ட அவுத்துட்டேனுங்க சாமி. இனி நகராதுங்களே?"

"நகராதுங்கக்கா" என்றேன்.

அவர் வீடு அந்தப் பிளவின் மேல்தான் இருக்கிறது.